உரிமையாளர் இல்லாத குரல்

நான் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் பைத்தியமாக இருந்திருக்கிறேன். முகம் யாருடையதோ; சிரிப்பு என்னுடையது. கோயில் வாசலில் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்து கதாநாயகனைப் பார்த்துச் சிரிப்பானே, அவன் நான். பங்களா மாடியறையில் சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு ஊளையிடுவானே, அவனும் நான்தான். வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் நான் சிரித்த சிரிப்பில் மைக் விரிசல் விட்டது; டீ கொண்டுவந்த ஆள் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு ஊரில் தங்கச்சி கல்யாணம் என்று என் மனைவி தவமணி சொல்வாள். கல்யாணமும் இருந்திருக்கலாம்.

இப்போது எழுபது வயது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்கிறேன். நடந்தது வேறு. இயந்திரம் ஒன்று என் பழைய படங்களைக் கேட்டுக் கேட்டு என் சிரிப்பைக் கற்றுக்கொண்டு, நான் இல்லாமலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் டப்பிங் சங்கம் சும்மா இருக்குமா? போராடிக் குரல் உரிமைச் சட்டத்தை வாங்கினோம். உயிரோடு இருக்கிற மனிதரின் குரல் எங்கே ஒலித்தாலும் அவர் கையெழுத்து வேண்டும், அவர் பெயரைப் போட வேண்டும். அந்த உண்ணாவிரதத்தில் நான் பதினொரு நாள் இருந்தேன். பதினொரு மணி வரைக்கும் என்பாள் தவமணி. சட்டம் வருவதற்குள் படங்களில் பைத்தியங்கள் வருவதே நின்றுபோயிற்று. உரிமை கிடைத்தது, வேலை போய்விட்டது.

எனக்கு ஒரு தம்பி. பெயர் திருமேனி. துபாயில் இருக்கிறான்.

அதாவது, ஊருக்கு. முப்பத்தொரு வருடமாக அவன் எங்கள் சாலிகிராமம் வீட்டின் பின்னறையில் இருக்கிறான். அம்பத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, யாரும் இல்லாதபோது யாரோ பேசுவது கேட்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளே அவனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டேன், வாயாலேயே. அங்கே ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தவன், என் தயவில் சூப்பர்வைசர் ஆனான், மேனேஜர் ஆனான். ஒரு வருடம் பங்களாவும் வாங்கிக் கொடுத்தேன். தவமணி முறைத்ததால் வாடகை வீட்டுக்கு இறக்கினேன். என் மகள் கல்யாணத்தன்று, "சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை" என்று மண்டபத்து மைக்கில் அறிவித்தேன். என்ன உருக்கம், என்ன ஏற்ற இறக்கம்! சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருமேனிக்கு டிபன் கேரியரில் சாப்பாடு போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில், காலை நடைக்குப் போன பூங்காவில், என்னோடு பத்தொன்பது வருடமாக நடக்கிற குலசேகரன் என் முழங்கையைப் பிடித்தார். பேங்கில் மேனேஜராக இருந்தவர். ஒருவரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர்.

"தாண்டவமூர்த்தி, உங்க தம்பி துபாய்லேருந்து எப்ப வந்தார்?"

குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். "ஏன் கேக்குறீங்க?"

"நேத்து ரேடியோவுல 'அகச்செவி'ன்னு ஒண்ணு போட்டான். மனசுக்குள்ள குரல் கேக்குறவங்க, தங்களுக்கு என்ன கேக்குதுன்னு நமக்கே போட்டுக் காட்டுறாங்க. 'என் பேர் திருமேனி, சாலிகிராமம், எங்க அண்ணன் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்'னு ஒருத்தர் பேசினார்."

தொலைந்தோம் என்று நினைத்தேன். துபாய் இடிந்து விழுகிற சத்தம் என் காதிலேயே கேட்டது. ஆனால் குலசேகரன் துபாயைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் குரல் இருக்கே... 'மூச்சு விடாதே'ன்னு மெதுவா ஒண்ணு சொல்லுது பாருங்க. எனக்கு முடி குத்திட்டு நின்னுடுச்சு. நாப்பது வருஷமா சினிமா பாக்குறேன், இப்படி ஒரு குரல் கேட்டதே இல்ல."

எந்த நாற்பது வருடம்? என் நாற்பது வருடம்! பத்தொன்பது வருடமாக என்னோடு நடந்து, என் சிரிப்பைப் பற்றி, "சத்தம் ஜாஸ்தி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்! பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தது. பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது. பொறாமைதான், வேறென்ன.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தவமணியும் திருமேனியும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிலோஃபர் என்ற பெண், இருபத்தெட்டு வயதிருக்கும், வலைத்தொப்பி ஒன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிகழ்ச்சியின் பொறியாளர். நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் தவமணிதான் அவளை வரவழைத்திருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நிலோஃபரையும் துபாய்க்கு அனுப்பியிருப்பீங்க" என்றாள் தவமணி.

நிலோஃபர் பொறுமையாகச் சொன்னாள். "ரூம்ல சத்தமே இல்லாதப்பவும் இவர் மூளையில கேக்குற பகுதி வேலை செய்யுது சார். நிஜமா ஒரு ஆள் பக்கத்துல நின்னு பேசினா எப்படியோ, அப்படியே. இந்தத் தொப்பி அதை எடுத்துத் திரும்ப ஒலியா மாத்துது."

"அப்போ நிஜமாவே கேக்குதா?"

"அவருக்கு நிஜம்தான் சார்."

முப்பத்தொரு வருடமாக, 'அங்கே ஒண்ணுமில்லடா' என்று அவனிடம் ஒரு லட்சம் தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கு வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அதைவிட அவசரமான கேள்வி இருந்தது.

"யாருடா பேசுறது? யாரு குரல் அது?"

திருமேனி ஒரு பீன்ஸின் காம்பைக் கிள்ளினான். "யாரோ."

தவமணி சட்டென்று எழுந்து, அடுப்பில் வைக்காத பாலைப் பார்க்கப் போனாள்.

அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். திருப்பதி வரிசை தோற்றது. சரி, ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர். எல்லாரும் திருமேனியைப் பார்க்க. விழுப்புரத்திலிருந்து ஒரு அம்மாள் கல்லூரி வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் குரல் கேட்கிறதாம்.

"படத்துல காட்டுற மாதிரி இது ஒருநா எல்லாரையும் வெட்டிப்புடும்னு எங்க தெருவுல பேசினாங்கய்யா. பக்கத்து வீட்டுல கதவைச் சாத்திக்குவாங்க. உங்க பேச்சைப் போட்டுக் காட்டினேன். இப்ப ரெண்டு பேராவது வந்து பேசுறாங்க" என்று சொல்லித் திருமேனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவுங்க யாரு?" என்றாள்.

"அவரோட அண்ணன்" என்றாள் தவமணி.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடி அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியாவா? முந்நூற்றுப் பன்னிரண்டு படம்! நான் யாரென்று காட்ட வேண்டுமென்று தோன்றியது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, என் புகழ்பெற்ற சிரிப்பைச் சிரித்தேன். ஜன்னல் அதிர்ந்தது. கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டிவிட்டாள்.

திருமேனி எழுந்தான். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். "அது வெளிச் சத்தம்தாம்மா, எங்க அண்ணன் போட்டது. எனக்கும் கேட்டுச்சு, பயப்படாதே" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணே, கொஞ்சம் உள்ள போங்க."

என் வீட்டில் என்னை உள்ளே போகச் சொன்னார்கள். போனேன். அவனுடைய கட்டிலில் உட்கார்ந்து கதவுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பொங்கிக்கொண்டு வந்தது வேறு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யாராயிருந்தாலும் அவனை நாறடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரவெல்லாம் அந்த ரேடியோப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருந்தேன். செயலாளர் ஜெபராஜ் என்னிடம் தொழில் கற்றவர்.

"அண்ணே, மூளைக்குள்ள கேக்குற குரலுக்கு ஏதுண்ணே உரிமையாளர்? அதனாலதான் நம்ம சட்டத்துலேருந்து அதுக்கு விலக்கு குடுத்தோம்" என்றார்.

"ஜெபா, முப்பத்தெட்டு வருஷம் மைக் முன்னாடி நின்னவன் சொல்றேன். அந்த 'மூச்சு விடாதே'யில கடைசி எழுத்தைக் கொஞ்சம் நடுங்க விட்டு இறக்குறான் பாத்தியா? பயிற்சி இல்லாம அது வராது. எவனோ ஒரு ஆளைப் பின்னால வெச்சுப் பேச வெச்சுட்டு, என் தம்பி தலையில கேட்டதுன்னு ஊரை ஏமாத்துறாங்க. சங்கத்துக் கார்டே இல்லாத ஆளு!"

"புகார் குடுத்தா விசாரணை முடியிற வரைக்கும் நிகழ்ச்சியை நிறுத்தணும்ணே. ஆள் கிடைச்சு அவர் கையெழுத்துப் போடலேன்னா பதிவையெல்லாம் அழிச்சுடணும். திருமேனிது மட்டுமில்ல, நிகழ்ச்சியே போயிடும்."

"போகட்டும்" என்றேன். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வரும் வழியில் இரண்டு காபி குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அகச்செவி நேரத்தில் வீணை வாசித்தார்கள். விழுப்புரத்துப் பெண்தான் அந்த வாரம் பேசுவதாக இருந்ததாம்; மூன்று நாள் ஒத்திகை பார்த்தாளாம். திருமேனி வீணை முடியும்வரை கேட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனான். யார் புகார் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை. தவமணிதான் கேட்டாள். சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உங்களுக்கு நிஜமாவே அந்தக் குரல் யாருதுன்னு தெரியலையா?"

"உனக்குத் தெரியுமா?"

"போங்க. சங்கத்துலயே போய்க் கேட்டுக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை விசாரணை. சங்கத்தின் சின்ன ஒலிப்பதிவு அறையில் ஜெபராஜ், நிலோஃபர், நாங்கள் மூன்று பேர். குரலை அடையாளம் காண எங்களிடம் ஒரு வழி உண்டு. சங்கத்தில் சேருகிறபோது ஒவ்வொருவரும் நடிக்காமல், சாதாரணமாக, பெயரும் முகவரியும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகளோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும்.

"ரேடியோவுல வந்ததை மட்டும் போடும்மா, போதும்" என்றான் திருமேனி.

"விதிப்படி முழுசாப் போடணும் அங்கிள்" என்றாள் நிலோஃபர், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

போட்டாள். அறை இருட்டவில்லை, இடி இடிக்கவில்லை. மெல்லிய ஆண் குரல், காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசுகிற மாதிரி.

'திருமேனி, சத்தம் போடாதே. வாசல்ல ஆளு நிக்குது. மூச்சு விடாதே.'

இதுவரைதான் ரேடியோவில் வந்தது. குரல் நிற்கவில்லை.

'அவங்க போற வரைக்கும் வெளிய வராதே. நீ துபாய்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன்.'

கணினி ஒரு எண்ணைக் காட்டியது. ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நூத்திப் பதினேழு" என்றார். "அண்ணே, இது உங்க கார்டுண்ணே."

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். குலசேகரன் கண்ணை மூடிப் பாராட்டினாரே, அது என்னை! முடி குத்திட்டு நின்றது எனக்காக! மூன்று விநாடி ஆகாயத்தில் இருந்தேன். நான்காவது விநாடியில்தான் அந்தக் குரல் என்ன சொன்னது என்பது என்னிடம் வந்து சேர்ந்தது.

என் குரல் எனக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். பைத்தியக் குரல், ரவுடிக் குரல், கிழவன் குரல் எல்லாம் தெரியும்; ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் பின்னறைக் கதவைத் திறந்து தம்பியிடம் பேசுகிற குரலை யார் ஒலிப்பதிவு செய்தார்கள்?

"உனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"முதல் நாளே தெரியும்ணே."

"நான் வீட்டுல இல்லாதப்பவும்?"

"நீங்க வெளியூர் டப்பிங் போனப்பவும் பேசுவீங்க."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டீங்கன்னா? வேற யாரு பேசினாங்க, நீங்களும் அண்ணியும்தானே."

நான் நிலோஃபரைப் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார், இந்த நோய் உங்களால வரல. அது வேற. ஆனா மூளைக்கு ஒரு குரல் வேணும்னா, வீட்டுல என்ன கிடைக்குதோ அதை எடுத்துக்கும்."

"வேற நல்ல வசனமே கிடைக்கலையாம்மா என் வீட்டுல?"

திருமேனிதான் சொன்னான். "படத்துல நீங்க சிரிக்கிறதைக் கேட்டு நான் ஒரு நாளும் பயந்ததில்லண்ணே. எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு பைத்தியம்கூட அப்படிச் சிரிக்காது. அதெல்லாம் நடிப்பு. இது நல்லா இருக்குன்னா, இதுல நீங்க நடிக்கல."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான விமரிசனம் அது. எதிரிக்குக்கூட அப்படி ஒன்று கிடைக்கக் கூடாது.

ஜெபராஜ் தயங்கித் தயங்கி ஒரு படிவத்தை என் முன் வைத்தார். சட்டப்படி குரலுக்குச் சொந்தக்காரன் கிடைத்துவிட்டான். அவன் கையெழுத்துப் போட்டால் நிகழ்ச்சி தொடரும், முழுப் பதிவும் போகும், அவன் பெயரைப் போடுவார்கள். போடாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும், விழுப்புரத்துப் பெண் ஒத்திகை பார்த்தது உட்பட. கையெழுத்துப் போட்டால் சாலிகிராமம் முழுக்க, என் சம்பந்தி வீடு முழுக்க, தாண்டவமூர்த்தி தன் தம்பியை எந்த ஊரில் வைத்திருந்தான் என்று தெரிந்துவிடும். பின்னறையில் மூச்சு விடாமல் நின்றவனை நான்கு பக்கப் புகார் எழுதி நானே வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறேன்.

"வேண்டாம்னா விட்டுடுங்கண்ணே. நான் பழையபடி இருந்துக்குவேன்" என்றான் திருமேனி. அவன் அதை நிஜமாகவே சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

பேனாவை எடுத்தேன். பெயர் எழுதினேன், எண் எழுதினேன். கதாபாத்திரம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'வில்லன்' என்று எழுதினேன்.

திருமேனி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான். "என்னண்ணே இது, எதுக்கெடுத்தாலும் பெரிசா." பேனாவை வாங்கி அதை அடித்தான். "நீங்களும் பயந்துகிட்டுத்தானே சொன்னீங்க? குரல் நடுங்குதே, அதுதானே எல்லாருக்கும் பிடிச்சிருக்கு." அடித்ததற்குப் பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதி என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு முழுப் பதிவும் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு விழுப்புரத்துப் பெண் பேசினாள். இரண்டு வாரம் நான் பூங்காப் பக்கமே போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது குலசேகரன் ஒரு சுற்று முழுக்க மழையைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார். இரண்டாம் சுற்றில், "எங்க பெரியக்கா கனடாவுல இருக்கான்னு சொல்லுவேன்ல" என்றார். "சொல்லுவீங்க" என்றேன். "மதுராந்தகத்துல இருக்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

சம்பந்தியம்மாள் இன்னும் பேசவில்லை. மகள் அழுதாள், பிறகு வந்து சித்தப்பாவைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திருமேனி மாத்திரையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவில் பேசுகிறான். நிகழ்ச்சியில் அவன் பெயரை முதலில், நிதானமாகச் சொல்கிறார்கள். என் பெயரை மூச்சுவிடாமல் கடைசியில் சொல்லிவிடுகிறார்கள். இதைப் பற்றி ஜெபராஜிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் காலையில் கூடத்தில் அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வாசல் கதவு திறந்திருந்தது. நெடுநாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"இன்னும் பேசுறானாடா உள்ள?"

"ம்."

"என்ன சொல்றான்?"

திருமேனி பேப்பரை மடக்கினான். "பேர் போட்டதுலேருந்து ரொம்பக் கர்வம்ணே அவனுக்கு. நேத்து பூரா தன் பெருமைதான். நடுவுல எப்பவாவது, 'மூச்சு விடாதே'ங்கறான். 'விட்டாச்சு, போடா'ன்னுட்டேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். அப்புறம் தன்பாட்டுக்குச் சிரித்தான். என்ன சொன்னான் என்று கேட்டேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள என்று சொல்லிவிட்டான்.

நான் இந்தப் பக்கத்தில் மணிக்கணக்காகக் கதை சொன்னாலும் அவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அந்தப் பயல் உள்ளே முணுமுணுத்தால் போதும், சிரிக்கிறான். என் குரல்தான், என் கார்டு எண்தான். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அவனைக் கண்டால் ஆகவில்லை.